திரைப்படக் கல்வியும் கூட்டுப் படைப்பும்: தரமணி தரும் பாடம்

முன்னுரை

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வழியாகத் தரமணிக்குச் செல்லும் சாலையில் நம் மாணவர் பலர் நாள்தோறும் பயணம் செய்கின்றனர். அந்தத் தரமணியில்தான் தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் அமைந்துள்ளது. பெரியோர் பலர் இன்றும் அதனை 'அடையாறு திரைப்படக் கல்லூரி' என்றே வழங்குவர். நம் வாசலுக்கு அண்மையில் இருந்தும், அங்கு மாணவர் எவ்வாறு பயில்கின்றனர் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

தமிழ்த்துறை மலரில் திரைப்படக் கல்வி பற்றிய கட்டுரை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். திரைப்படம் நன்றா தீதா என்னும் வாதத்திற்குள் நாம் இங்குப் புகவில்லை. வெவ்வேறு கலைகளைப் பயிலும் மாணவர்கள் ஒன்றுகூடி ஒரே படைப்பை எவ்வாறு உருவாக்குகின்றனர் என்பதும், அக்கூட்டு எவ்விடத்தில் வெற்றி பெறுகிறது, எவ்விடத்தில் முறிகிறது என்பதுமே நாம் ஆராயப் புகும் பொருள். தனித்து அமர்ந்து கவிதையும் கட்டுரையும் எழுதிப் பழகிய தமிழ் மாணவர்க்கு இப்பொருள் மிகவும் வேண்டுவதாகும்.

அரங்கேற்று காதை காட்டும் அறுவர்

பலர் கூடி ஒரு கலையை நிகழ்த்தும் முறை தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை வகுப்பில் பயிலும்போது, மாதவியின் ஆடலை மட்டுமே நாம் மனத்திற்கொள்கிறோம். ஆனால் இளங்கோவடிகள் அவ்வாடலைக் கூறுமுன், அதற்குத் துணைநின்ற ஆறு ஆசிரியர்களின் இலக்கணத்தை ஒருவர்பின் ஒருவராக விரித்துரைக்கின்றார். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்போரே அவ்வறுவர்.

அவர்களுள் இருவர்க்குக் கூறப்பட்ட தகுதி ஈண்டு உன்னிப்பாக நோக்கத்தக்கது. கவிஞனுக்குத் தமிழ் முழுதும் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. நாட்டிய நூலையும் அவன் பின்பற்ற வேண்டும். இசையாசிரியன் கருதி அமைத்ததை உணர்ந்து, அதற்குப் பொருந்தத் தன் சொல்லை வைக்க வேண்டும். அதாவது, பக்கத்தில் நிற்பவனின் கலையை அறியாத கவிஞன் அரங்கிற்கு ஆகான் என்பது அடிகளின் கருத்து.

தண்ணுமையாசிரியனுக்கோ ஆக்கல், அடக்கல் என்னும் இரு பண்புகள் சொல்லப்படுகின்றன. பிற கருவிகளின் இசையில் குறை நேருமிடத்து அதனை நிரப்புதல் ஆக்கல். மிகை நேருமிடத்து அதனை அடக்குதல் அடக்கல் என்று விளக்கம் கொள்வர். இவ்விரண்டையும் செய்யும்போது தன் முழக்கம் அளவுமீறி ஒலிக்காதபடி அவன் காத்துக்கொள்ள வேண்டும். கூட்டுப் படைப்பிற்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேறொன்று உண்டா என்று நாம் வியக்கிறோம்.

ஒளியமைப்பையும் அடிகள் விட்டுவிடவில்லை. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்குகளை நிறுத்தியதைக் கூறுகின்றார். மூவகைத் திரைச்சீலைகளையும் குறிப்பிடுகின்றார். இன்று ஒளிப்பதிவு பயிலும் மாணவர் முதலில் கற்கும் பாடங்களுள் நிழலை எங்கு விழச்செய்வது, எங்கு விலக்குவது என்பதும் ஒன்றன்றோ!

தரமணி நிறுவனமும் பாடப்பிரிவுகளும்

தரமணி நிறுவனத்தின் வேர் 1945ஆம் ஆண்டில் உள்ளது. மத்தியப் பாலிடெக்னிக்கின் ஒரு பகுதியாக, ஒளிப்பதிவும் ஒலித் தொழில்நுட்பமும் கற்பிக்கும் பிரிவாக அது தோன்றியது. முதலில் இடம்பெற்றவை கருவிகளைக் கையாளும் கலைகளே. இயக்கம், படத்தொகுப்பு முதலியன பின்னர்ச் சேர்ந்தன.

இன்று அங்கு நான்காண்டு இளங்கலைக் காட்சிக்கலைப் பட்டப்படிப்பு நடைபெறுகிறது. ஒளிப்பதிவு, எண்மிய இடைநிலை, ஒலிப்பதிவு, இயக்கம் மற்றும் திரைக்கதை எழுதுதல், படத்தொகுப்பு, உயிர்ப்பூட்டல் மற்றும் காட்சிப்பயன் என அது ஆறு பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளது. அரங்கேற்று காதையில் ஆசிரியர் அறுவர். தரமணியில் பாடப்பிரிவுகளும் ஆறு. எண்ணிக்கை ஒத்திருப்பது தற்செயலே எனினும், ஒருவர் கலை மற்றவர் கலையின்றி முழுமை பெறாது என்னும் உண்மை இரண்டிற்கும் பொதுவானது.

இந்தியாவின் பிற திரைப்படப் பள்ளிகளிலும் இம்முறையே வழக்கில் உள்ளது. பிரபாத் திரைப்பட நிறுவனத்தின் வளாகத்தில் 1960இல் தொடங்கப்பெற்ற புனே நிறுவனத்தில், இயக்கம், ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு ஆகிய பிரிவுகளின் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்தே பட்டயப் படத்தை எடுப்பர். ஒரே படம் ஒவ்வொரு மாணவரின் தேர்விற்கும் உரிய படமாக அமைகிறது. ஒருவர் சோம்பினால் மற்றவரின் மதிப்பெண்ணும் குறையும். எழுத்துத் தேர்வில் பக்கத்து மாணவனின் தாளைப் பார்ப்பது குற்றம்; இத்தேர்விலோ பக்கத்து மாணவனின் பணியைப் பாராதிருப்பதே குற்றம்.

ஒருவர் பணி மற்றவர் கையில்

இச்சார்பு எவ்வாறு செயற்படுகிறது என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்குவோம்.

இயக்கம் பயிலும் மாணவர் ஓர் அறையில் இருவர் உரையாடும் காட்சியை எழுதுகிறார். ஒளிப்பதிவு மாணவர்க்கு அவ்வறையின் சன்னல் எத்திசை நோக்கியது என்பது முதற்கேள்வி. காலை ஒன்பது மணிக்கு வரும் வெயில் பதினொரு மணிக்கு இராது. ஆகவே எக்காட்சியை முதலில் எடுப்பது என்பதைக் கதையின் வரிசை முடிவு செய்வதில்லை; வெயிலே முடிவு செய்கிறது. ஒலிப்பதிவு மாணவர்க்கோ அவ்வறையின் மின்விசிறி பெருந்தடை. வெக்கையில் அதனை நிறுத்தச் சொன்னால் அனைவரும் முகம் சுளிப்பர். ஆயினும் அவ்வோசை உரையாடலோடு கலந்துவிட்டால் பின்னர்ப் பிரித்தெடுப்பது அரிது.

படப்பிடிப்பு முடிந்தபின் ஒலிப்பதிவாளர் மற்றுமொரு வேண்டுகோள் விடுப்பார். அனைவரும் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ அசையாமல், பேசாமல் நிற்க வேண்டும். அவ்விடத்தின் அமைதிக்கும் ஓர் ஓசை உண்டு. அதனை அவர் தனியே பதிவு செய்வார். படத்தொகுப்பாளர் துண்டுகளை ஒட்டும்போது ஒட்டிய இடம் காதுக்குத் தெரியாதபடி மறைக்க அவ்வோசையே உதவும். பசியோடு நிற்கும் குழுவினர்க்கு அந்த ஒரு நிமிடம் வீணாகத் தோன்றும். படத்தொகுப்பு அறையில் அமர்ந்திருக்கும் மாணவர்க்கோ அது பெருஞ்செல்வம்.

படச்சுருள் காலத்தில் இவ்வொழுங்கு இன்னும் கடுமையாக இருந்தது. 35 மில்லிமீட்டர் படச்சுருள் நொடிக்கு 24 சட்டகங்கள் வீதம், நிமிடத்திற்கு 90 அடி ஓடும். 400 அடிச் சுருள் நான்கரை நிமிடத்திற்குள் முடிந்துவிடும். மாணவர்க்கு அளந்தே சுருள் தரப்படும்போது, ஒருவர் செய்த பிழைக்கு அனைவரும் விலை கொடுக்க நேர்ந்தது. ஆதலின் பேசி முடிவு செய்தபின்னரே படப்பெட்டியை முடுக்கினர். இன்று எண்மியக் கருவிகள் வந்தபின் எத்தனை முறையும் எடுக்கலாம். வசதி பெருகியது நன்றே. ஆனால் முன்கூட்டிக் கலந்து பேசும் பழக்கம் அதனால் தளர்ந்துவிடாமல் காக்க வேண்டிய பொறுப்பு மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் உண்டு.

தோழமையில் பிறந்த படங்கள்

திரைப்படக் கல்லூரித் தோழமை வளாகத்தைக் கடந்து வெளியுலகில் பயன்தந்ததற்கு இரு சான்றுகள் காட்டுவோம்.

முதலாவது, 1978இல் வெளிவந்த 'அவள் அப்படித்தான்'. அக்கல்லூரியில் பயின்ற சி. ருத்ரய்யா இயக்கிய கருப்பு வெள்ளைப் படம் அது. ஒளிப்பதிவை நல்லுசாமி, ஞானசேகரன் ஆகிய இருவர் இணைந்து செய்தனர். எழுத்துப் பணியில் அனந்து, சோமசுந்தரேஸ்வர் முதலியோருடன் சிறுகதை, நாவல் ஆசிரியராகிய வண்ணநிலவனும் பங்குகொண்டார். தமிழ் இலக்கியத்தில் தனியிடம் பெற்ற ஓர் எழுத்தாளர், திரைத் தொழில்நுட்பம் கற்றவர்களோடு ஒரே பலகையில் அமர்ந்து பணியாற்றினார் என்பது தமிழ் மாணவர் மறக்கலாகாத செய்தி.

இரண்டாவது, 1986 ஆகஸ்டு 15ஆம் நாள் வெளியான 'ஊமை விழிகள்'. திரைப்படக் கல்லூரி மாணவர்கள் ஒன்றுசேர்ந்து உருவாக்கிய படம் என்றே அது இன்றும் நினைவுகூரப்படுகிறது. ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, ஆர். அரவிந்தராஜ் இயக்கினார், ஏ. ரமேஷ்குமார் ஒளிப்பதிவு செய்தார். இசை மனோஜ் கியான், ஆபாவாணன் ஆகியோருடையது. சினிமாஸ்கோப் எனப்படும் அகலத்திரையில் அவர்கள் அதனை எடுத்தனர். மறைந்த விஜயகாந்த் அதில் முதிய தோற்றத்தில் காவல்துறை அதிகாரியாக நடித்தார். ஜெய்சங்கர், ரவிச்சந்திரன் போன்ற மூத்த நடிகர்களும் இளைஞர்களின் திட்டத்தை நம்பி இணைந்தனர்.

திரைப்படக் கல்லூரியில் படித்தவர்கள் ஏட்டறிவு உடையவர்களே, அவர்களால் மக்கள் விரும்பும் படத்தை எடுக்க இயலாது என்னும் எண்ணம் அந்நாளில் திரையுலகில் பரவியிருந்தது. ஊமை விழிகளின் வெற்றி அவ்வெண்ணத்தை மாற்றியது. அவ்வெற்றி ஒரு தனிமனிதரின் மேதைமையால் விளைந்தது என்று கூறுவதினும், ஒருவர் மொழியை மற்றவர் முன்னரே அறிந்திருந்த ஒரு குழுவின் ஒருமையால் விளைந்தது என்று கூறுவதே பொருந்தும். அடுத்த ஆண்டே, 1987இல், அரவிந்தராஜ் இயக்கத்தில் 'உழவன் மகன்' வந்தது. அதனைத் தயாரித்தவர் விஜயகாந்தின் நெடுநாள் நண்பரான இப்ராகிம் ராவுத்தர்.

ஒரு பிரிவில் பயின்றவர் மற்றொரு பிரிவில் ஒளிர்ந்ததும் உண்டு. நடிகை சுகாசினி பயின்றது ஒளிப்பதிவுக் கலை. ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்த அவர் 1980இல் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' படத்தில் நடிகையானார். 1995இல் 'இந்திரா' படத்தை இயக்கினார்.

புனே நிறுவனத்தில் ஒலிக்கலை பயின்ற கேரளத்து ரசூல் பூக்குட்டி, 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் ஒலிக்கலவைக்காக 2009இல் ஆஸ்கர் விருது பெற்றார். அவ்விருது அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று; இயன் டாப், ரிச்சர்ட் பிரைக் ஆகியோருடன் மூவருக்குமாகச் சேர்த்தே அது வழங்கப்பட்டது. உலகின் உயர்ந்த மேடையிலும் ஒலிக்கலை கூட்டுக்கலையாகவே மதிக்கப்பட்டது என்பதற்கு இது சான்று.

நாம் பெற்ற படிப்பினை

இவற்றையெல்லாம் நூலறிவாக மட்டும் நாம் எழுதவில்லை. நம் கைக்கு எட்டிய ஓர் அனுபவமும் உண்டு. அதில் நம் பிழையே மிகுதி. ஆதலின் மறைக்காமல் கூறுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், கலைவிழாவிற்காகத் தமிழ்த்துறை மாணவர் ஒருவரும் காட்சித் தகவலியல் மாணவர் நால்வரும் சேர்ந்து பத்து நிமிடக் குறும்படம் ஒன்றைத் திட்டமிட்டனர். பல்லாவரத்தில் தையற்கடை வைத்திருக்கும் ஒரு தந்தை, வளைகுடா நாட்டிற்கு வேலைக்குப் புறப்படும் மகன், இவ்வளவே கதை. தந்தை மகனுக்குக் கூறும் அறிவுரையைத் தமிழ்த்துறை மாணவர் இரண்டு பக்கம் எழுதி வந்தார். நாம் அதனைத் திருத்தி, மேலும் அரைப் பக்கம் சேர்த்துக் கொடுத்தோம். உவமைகளும் அடுக்குத் தொடர்களும் நிறைந்த அப்பகுதி நமக்கு மிகவும் நிறைவளித்தது.

ஒலிப்பதிவை ஏற்ற மாணவி மறுநாள் நம்மிடம் வந்து, "சார், கடைக்கு மேலேயே விமானம் போகுது. இவ்வளவு நீளமாப் பேசினா நடுவுல நடுவுல சத்தம் விழும். அவர் தைச்சுக்கிட்டே இருக்கட்டும், விமானச் சத்தம் கேட்டதும் மிதிக்கிறதை நிறுத்தட்டும். அதுவே போதும்னு தோணுது" என்றார். நாம் சினந்தோம். தமிழைக் குறைப்பதற்கா தமிழ்த்துறையை அழைத்தீர்கள் என்று கேட்டுவிட்டோம். அம்மாணவி மறுமொழி கூறாமல் சென்றுவிட்டார்.

எழுதிய மாணவரே பின்னர் வழிகண்டார். சூழல் ஓசைகளைப் பதிவு செய்யக் குழுவினர் அக்கடைக்குச் சென்றபோது அவரும் உடன்சென்று ஒரு பிற்பகல் முழுதும் அங்கு அமர்ந்திருந்தார். திரும்பி வந்து, இரண்டரைப் பக்கத்தையும் விலக்கிவிட்டு ஒரே வரியை எழுதினார். "உள்பக்கம் ஒரு பொத்தான் கூடுதலாத் தைச்சு வச்சிருக்கேன், பார்த்துக்கப்பா." தந்தை பேசும் பேச்சு அவ்வளவே. பின் தையல் இயந்திரத்தின் ஓசை, மேலே விமானம், இயந்திரம் நிற்கிறது. விழா அரங்கில் அக்காட்சியின்போது பெற்றோர் பலர் கண்களைத் துடைத்துக்கொண்டதை நாம் கண்டோம். தமிழ் அங்குக் குறையவில்லை. அதற்குரிய இடத்தில் நின்றது. அடக்கல் என்னும் சொல்லைப் பல ஆண்டுகள் வகுப்பில் விளக்கியவர் நாம். அதன் பொருளை அன்றுதான் உணர்ந்தோம்.

ஆனால் பெரும்பிழை இனிமேல்தான் வருகிறது. படத்தின் இறுதியில் காட்டுவதற்கான பெயர்ப்பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு நம்முடையது. கதை, வசனம், இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, மேற்பார்வை என எழுதினோம். ஒலிப்பதிவை மறந்தோம். அம்மாணவியின் தந்தை ஊரப்பாக்கத்தில் தம் கடையைப் பூட்டிவிட்டு, மகளின் பெயர் திரையில் வருவதைக் காண வந்திருந்தார். பெயர்கள் முடிந்து விளக்குகள் எரிந்த பின்னரும் அவர் சிறிது நேரம் திரையைப் பார்த்தவாறே அமர்ந்திருந்தார்.

நாம் அவரிடம் சென்று பிழையை ஒப்புக்கொண்டோம். "பரவாயில்லைங்க, சத்தம் நல்லாக் கேட்டுச்சு" என்றார் அவர். அச்சொல் இன்றும் நம் நெஞ்சில் உள்ளது. மறுவாரமே படத்தில் பெயரைச் சேர்த்து, வகுப்பில் அனைவர் முன்னிலையிலும் மீண்டும் திரையிட்டோம். எனினும் அவர் வந்திருந்த மாலைப்பொழுதை நம்மால் திருப்பித்தர இயலவில்லை.

நம் வீடுகளில் அமானிதம் என்றொரு சொல் வழங்குகிறது. பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருள் அது. கூட்டுப் படைப்பில் ஒவ்வொருவரின் உழைப்பும் மற்றவர் கையில் உள்ள அமானிதமே. அவ்வுழைப்பிற்கு உரியவரின் பெயரைச் சொல்லுதல் நாம் காட்டும் பெருந்தன்மையன்று. திருப்பித்தர வேண்டிய கடன்.

தமிழ்த்துறை செய்யத்தக்கன

தரமணியில் திரைக்கதை எழுதுதல், இயக்கப் பிரிவோடு இணைத்தே கற்பிக்கப்படுகிறது என்பதை மேலே கண்டோம். எழுத்து தனித்து நிற்பதன்று, படைப்பின் பிற உறுப்புகளோடு பிணைந்தது என்பதே அதன் குறிப்பு. நம் போன்ற கலைக் கல்லூரிகளில் தமிழ்த்துறை ஒரு மாடியிலும் காட்சித் தகவலியல் துறை மற்றொரு மாடியிலும் இருக்க, இடையிலுள்ள படிக்கட்டில் போக்குவரத்தே இல்லை. இக்குறை நீங்க மூன்று செயல்களைப் பரிந்துரைக்கிறோம்.

முதலாவது, உரையாடல் எழுத விரும்பும் தமிழ் மாணவர் ஒரு நாளேனும் ஒலிப்பதிவுக் கருவியின் செவிக்கூட்டை அணிந்து, தாம் எழுதிய சொல் எவ்வாறு கேட்கிறது என்பதை அறிய வேண்டும். கண்ணுக்கு அழகிய தொடர் காதுக்குச் சுமையாகலாம்.

இரண்டாவது, காட்சித் தகவலியல் மாணவர் தமிழ் வகுப்பிற்கு வந்து அரங்கேற்று காதையைப் பயில வேண்டும். தாம் கையாளும் கலையின் இலக்கணம் தம் மொழியிலேயே இருப்பதை அவர்கள் அறிந்தால் இக்கலை இரவற்கலை என்னும் தயக்கம் நீங்கும்.

மூன்றாவது, எப்பணியையும் தொடங்குமுன் பங்கேற்போர் அனைவரின் பெயரையும் பணியையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். இது சிறு செயலே. ஆயின் இறுதி நாளின் பரபரப்பில் மறதி நேராமல் காக்க இதனினும் எளிய வழி இல்லை.

முடிவுரை

கூட்டுப் படைப்பு என்பது வேலையைப் பங்கிட்டுக்கொள்வது மட்டுமன்று. பக்கத்தில் நிற்பவர்க்கு என்ன வேண்டும் என்பதை, அவர் கேட்குமுன் அறிந்து, அதற்கேற்பத் தன் பங்கை ஆக்கியும் அடக்கியும் தருவதே அது. இளங்கோவடிகள் கூறிய அறுவர்க்கும் தரமணியின் ஆறு பிரிவுகளுக்கும் பல்லாவரத்துத் தையற்கடையில் கூடிய ஐந்து மாணவர்க்கும் பொதுவான நெறி இதுவேயாகும்.

அக்குறும்படத்தில் பணியாற்றிய மாணவர் ஐவரும் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டனர். வரும் ஆண்டும் புதிய மாணவர்கள் கதையோடும் கருவியோடும் நம்மிடம் வருவர். அப்போது நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "என்ன எழுதியிருக்கிறீர்கள்?" என்பதன்று, "உங்களோடு யார் யார் இருக்கிறார்கள்?" என்பதே.